பில் தொகையில் சதவீதம் கேட்பவரிடம் கிளவுட் கணக்கை ஒப்படைக்காதீர்கள்

திருமண அழைப்பிதழ் அச்சடிப்பது எங்கள் தொழில். வாடிக்கையாளர் தன் படத்தை ஏற்றி, வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, மாதிரி பார்த்துப் பணம் கட்டுவதற்கு ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். மாதம் 6,000 ரூபாய் வாடகையில் ஒரே ஒரு மெய்நிகர் சர்வரில் அது ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்த மாதங்களில் கொஞ்சம் திணறும். மற்றபடி குறை சொல்ல முடியாது.

"தை மாதக் கூட்டத்தை இது தாங்காது சார், குபர்னெட்டிஸுக்கு மாற்றிவிடலாம்" என்று சொல்லிக்கொண்டு உறவினர் மூலமாக ஒருவர் வந்தார். குபர்னெட்டிஸ் என்பது பல கணினிகளில் நிரல்களைப் பரப்பி ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். கூட்டம் வந்தால் சர்வீஸ்கள், அதாவது தளத்தின் தனித்தனி நிரல்கள், தாமாகவே பெருகும், குறைந்தால் தாமாகவே சுருங்கும் என்றார். அமைத்துக் கொடுப்பதற்குக் கூலி வேண்டாம், மாதாமாதம் கிளவுட் பில்லில், அதாவது இணையம் வழியாக எடுக்கும் கணினிகளின் வாடகையில், 15 சதவீதம் பராமரிப்புக் கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்றார். முன்பணம் இல்லை என்றதும் நான் மயங்கிவிட்டேன். பில் ஏற ஏற அவருடைய வருமானமும் ஏறும் என்பது முப்பது வருடம் கடை நடத்தியவனுக்கு அந்த நிமிடமே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

முதல் மாத பில் 40,000 ரூபாய். புதிதாகக் குடிபோன வீட்டில் முதல் மாதம் செலவு கூடுதலாகத்தான் இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தை பிறந்தது. வாடிக்கையாளர்கள் படம் ஏற்றும்போதெல்லாம் பிழைச் செய்தி வந்தது. ஐந்து நிமிடம் கழித்து முயன்றால் வேலை செய்யும், பிறகு மறுபடியும் விழும். அவரிடம் கேட்டேன். "கூட்டம் அதிகம் சார், இயந்திரம் போதவில்லை" என்றார். ஒவ்வொரு சர்வீஸுக்கும் மூன்றாக இருந்த நகல்களை ஆறாக்கினார். ஓரிரு நாள் சரியானதுபோலத் தெரிந்தது. பிறகு பழைய கதைதான். அந்த மாத பில் 68,000. அவருடைய பங்கு 10,200.

மென்பொருள் வேலையில் இருக்கும் என் பழைய நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தார். அமைத்துக் கொடுத்தவர் எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று குபர்னெட்டிஸுக்கு எழுதிவைத்த யாம்ல் கோப்பை என் மடிக்கணினியில் திறந்து படித்தார். மொத்தமே நூறு வரி இருக்கும். காபி ஆறுவதற்குள் படித்து முடித்துவிட்டு, படத்தைக் கையாளும் பாடின் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நகலுக்குப் பாட் என்று பெயர்) விவரத்தைக் காட்டச் சொல்லி ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். கடைசியாக நின்றதற்குக் காரணம் நினைவக வரம்பை மீறியது, வெளியேறிய எண் 137 என்று திரையில் வந்தது. 128உடன் 9ஐக் கூட்டினால் 137. 9 என்பது லினக்ஸ் ஒரு நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் சமிக்ஞை. அந்தச் சர்வீஸுக்கு வைத்திருந்த நினைவக லிமிட் வெறும் 128 எம்பி. அமைத்துக் கொடுத்தவர் ஏதோ மாதிரிக் கோப்பிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்.

நண்பர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைய கைப்பேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தை நினைவகத்தில் விரித்தால், ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி பிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் படம் ஏற்றினாலே, நிரலுக்கு வேண்டிய இடத்தையும் சேர்த்தால் வரம்பை முட்டிவிடும். உடனே பாட் செத்துவிழும். குபர்னெட்டிஸ் அதை மறுபடி எழுப்பும். திரும்பத் திரும்ப விழுந்தால் 10 விநாடி, 20, 40 என்று காத்திருப்பை இரட்டித்துக்கொண்டே போய் 5 நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளும். என் வாடிக்கையாளர்கள் சொன்ன அந்த ஐந்து நிமிடம் இதுதான். நகல்களைக் கூட்டியதில் படங்கள் பிரிந்து போனதால் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது, அவ்வளவே. நண்பர் லிமிட்டை 1 ஜிபி ஆக்கினார். மறுதொடக்க எண்ணிக்கை அன்றிரவே அசையாமல் நின்றுவிட்டது.

இதை அறியாமை என்று நான் மன்னித்திருப்பேன். சிபியு ரிக்வெஸ்ட்டைப் பார்த்த பிறகு மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு நகலுக்கும் இவ்வளவு செயலித் திறன் வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதுதான் அது. பஸ் இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது. ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் இடம் போனது போனதுதான். மூன்று சர்வீஸ், தலா ஆறு நகல், நகலுக்கு ஒரு முழு கோர் (செயலியின் ஒரு கரு) என்று 18 கோருக்குத் துண்டு போட்டிருந்தார். உண்மையில் பயன்பட்டது இரண்டு கோர்கூட இல்லை. 4 கோர் கொண்ட ஒரு கணினியில் அமைப்பின் சொந்த வேலைகளுக்குப் போக இப்படி மூன்று நகல்கள்தான் அடங்கும். ஆகவே ஆறு கணினிகள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. தானாகப் பெருகிச் சுருங்கும் என்றாரே, அந்த அமைப்பில் குறைந்தபட்சம் 6, அதிகபட்சமும் 6! நள்ளிரவு மூன்று மணிக்கும் ஆறு நகல். சோதனைக்கென்று போட்டு மறந்த இரண்டையும் சேர்த்து வருகிறவர்களைச் சர்வீஸ்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர்கள் ஐந்து வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை. ஒன்றை வைத்துக்கொண்டு முகவரிப் பாதையைப் பார்த்துப் பிரித்தனுப்பினால் போதுமாம்.

இணையத்தில் பணம் வாங்கித் தரும் கட்டண நுழைவாயிலின் கடவுச்சொல்லைக் "குறியாக்கம் செய்து பூட்டி வைத்திருக்கிறேன்" என்று அவர் சொன்னதும் பொய். அது பேஸ்64, எழுத்தை வேறு எழுத்தால் எழுதும் முறை மட்டுமே. சாவியே இல்லாமல் ஒரு நொடியில் நண்பர் அதைப் படித்துக் காட்டினார். அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினோம்.

"அவரிடம் கேட்பதற்கு முன்னால் தரவுத்தளத்தை நகல் எடுத்துக்கொள்" என்றார் நண்பர். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. மறுநாள் தொலைபேசியில் விளக்கம் கேட்டேன். மாலைக்குள் எங்கள் அனுமதி துண்டிக்கப்பட்டது. கிளவுட் கணக்கு அவருடைய மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது, என்னுடையது வங்கி அட்டை மட்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. செலவு எல்லை வைத்திருக்கிறேன் என்று முன்பு சொல்லியிருந்தார். அது வெறும் எச்சரிக்கை மின்னஞ்சல், செலவை நிறுத்தாது. அந்த மின்னஞ்சலும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

டொமைன் என் பெயரில் இருந்தது, நல்லவேளை. என் மின்னஞ்சலில் புதிய கணக்குத் தொடங்கி, முன்பைவிடச் சற்றுப் பெரிய ஒரே சர்வரில் அதே கன்டெய்னர்களை (நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள்), ஒரே கணினியில் அவற்றை ஓட்டும் டாக்கர் கம்போஸ் என்ற எளிய கருவி மூலம் ஓடவிட்டோம். மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. எங்கள் அளவுக்குக் குபர்னெட்டிஸே தேவையில்லை என்பது நண்பரின் கருத்து. மாசி முகூர்த்தங்கள் முழுவதும் ஒருமுறைகூடத் தளம் விழவில்லை.

அவருடைய பெயரை இங்கே போடவில்லை, அறிமுகம் செய்த உறவினரின் முகத்துக்காக. உங்களிடமும் இதே 15 சதவீதப் பேச்சோடு யாராவது வந்திருந்தால், கணக்கின் முதன்மை மின்னஞ்சல் யாருடையது என்று இன்றே பாருங்கள். பிறகு அந்த யாம்ல் கோப்பில் ரிக்வெஸ்ட், லிமிட், குறைந்தபட்ச நகல் என்ற மூன்றையும் அவரையே படித்து விளக்கச் சொல்லுங்கள்.

என் அட்டையின் தானியங்கிப் பற்றை வங்கியில் ரத்து செய்துவிட்டேன். அவர் அந்த ஆறு கணினிகளையும் உடனே நிறுத்தவில்லை போலிருக்கிறது. மாதக் கடைசியில் உறவினர் தொலைபேசியில் அழைத்து, பில் அவர் பெயருக்கு வந்திருக்கிறதாம், பாதியாவது கொடுக்க முடியுமா என்று கேட்டார்.