பிளாக் டேங்க்கா கேசட்டா? ரெண்டையும் கழுவிப் பார்த்தவன் சொல்றேன்

கார்ல மாட்டி இழுத்துட்டுப் போயி தங்கற டிரெய்லர மாத்தணும்னு முடிவானதும் எங்க வீட்டுல வாக்குவாதம் வந்தது கட்டில் அகலத்துக்கோ கிச்சனுக்கோ இல்ல, டாய்லெட்டுக்குத்தான். பழசுல அடியில நிரந்தரமா பொருத்தின பெரிய பிளாக் டேங்க், பல வருஷம் அதோட மல்லுக்கட்டியாச்சு. புதுசா பார்த்து வச்ச ரெண்டு வண்டியில ஒண்ணுல அதே ஏற்பாடு, இன்னொண்ணுல கேசட். கடைசியில கேசட் வண்டியத்தான் எடுத்தோம், இன்னிக்கும் அதுல வருத்தம் இல்ல, அதனால இந்த அலசல் கேசட் பக்கம் சாஞ்சுதான் இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன்.

புதுசா வர்றவங்களுக்காக ரெண்டு வரி. சிங்க், ஷவர் தண்ணி போறது கிரே டேங்க், டாய்லெட் போறது பிளாக் டேங்க். நிரந்தர டேங்க்னா 100லேர்ந்து 150 லிட்டர் வரைக்கும் பிடிக்கறது சகஜம், கீழ 3 இஞ்ச் வால்வ் இருக்கும், ஹோஸ் மாட்டி டம்ப் ஸ்டேஷன்ல (கழிவக் கொட்டறதுக்குனே இருக்கற இடம்) திறந்து விட்டா தானா இறங்கிடும். கேசட்னா கோப்பைக்கு நேர் கீழ உக்காந்திருக்கற 17லேர்ந்து 20 லிட்டர் பெட்டி. வண்டிக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும், அதத் திறந்து பெட்டிய உருவி எடுத்து தள்ளிக்கிட்டே போய் கொட்டிட்டு வரணும்.

கொள்ளளவுல பிளாக் டேங்க் ஜெயிக்கும், அழுக்கு பக்கத்துல போகாம இருக்கறதுலயும் அதுதான். எடையில கேசட். 150 லிட்டர் நிறைஞ்ச டேங்க்கோட ரோட்டுல இறங்கினா 150 கிலோ கூடுதலா இழுக்கறோம், அந்த டேங்க் அச்சுக்குப் பின்னாடி இருந்துட்டா ஹிட்ச் (காரோட டிரெய்லர மாட்டற இணைப்பு) மேல இறங்கற பாரம் குறைஞ்சு வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு.

எங்க முடிவ மாத்தினது ஒரே ஒரு கேள்விதான். உள்ள சுத்தமா இருக்கா இல்லையானு எப்படி தெரிஞ்சுக்கறது?

பிளாக் டேங்க்ல அதத் தெரிஞ்சுக்க நேர் வழி கிடையாது, எல்லாமே ஊகம். சென்சார் இருக்கேனு கேப்பீங்க. பெரும்பாலான வண்டியில வர்ற சென்சார் டேங்க் சுவரத் துளைச்சு உள்ள நீட்டிக்கிட்டிருக்கற சின்ன சின்ன உலோக முனைங்க, தண்ணி அதைத் தொட்டா கரண்ட் பாயும், அதை வச்சு மூணுல ஒரு பங்கு, மூணுல ரெண்டு பங்குனு விளக்கு எரியும். அந்த முனையில ஈரமான பேப்பர் ஒட்டிக்கிச்சு, இல்ல சுவர் பூரா ஒரு படலம் பிடிச்சிருச்சுனா டேங்க் காலியா இருந்தாலும் ஃபுல்லுனுதான் காட்டும். டேங்க்குக்கு வெளிய ஒட்டற வகை சென்சார் எவ்வளவோ மேல், உள்ள எதையும் தொடறதில்ல, ஆனா அதுவும் சொல்றது மட்டம் எவ்வளவுனுதான், அடியில என்ன படிஞ்சிருக்குனு சொல்லாது.

படியறதுதான் உண்மையான பிரச்சனை. டேங்க் பெருசு, தரை தட்டை, கோப்பையிலேர்ந்து விழறது ஒரே இடத்துல விழும், தண்ணி மிச்சம் பிடிக்கறேன்னு ஃப்ளஷ்ஷ லேசா அமுக்கி விட்டா கெட்டியானது கரையாம அங்கயே நின்னு கறையான் புத்து மாதிரி எழும்பிடும். ஹூக்கப் (தண்ணி, கரண்ட், கழிவுக் குழாய் இணைப்பு) இருக்கற இடத்துல பிளாக் வால்வையும் திறந்தே வச்சுட்டு வாரக்கணக்குல தங்கறவங்களுக்கு இது கண்டிப்பா வரும், ஏன்னா தண்ணி மட்டும் ஓடிப்போயி கெட்டியானது தங்கிடும், காஞ்சும் போயிடும். அதனால வால்வ் எப்பவும் மூடியே இருக்கணும், மூணுல ரெண்டு பங்காவது நிறைஞ்சப்புறம்தான் ஒரேடியா திறக்கணும், அந்த வேகம்தான் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகும். காலி பண்ணினதும் 10, 15 லிட்டர் தண்ணி திரும்ப ஊத்தி வைக்கணும். முதல்ல பிளாக், அப்புறம் கிரே, அப்பதான் சோப்புத் தண்ணி ஹோஸ அலசி விடும்.

இவ்வளவும் ஒழுங்கா செஞ்சாலும் கழுவற வேலை தனியா இருக்கு. டேங்க்குக்குள்ளயே ஸ்ப்ரே முனை வச்சு வர்ற வண்டிகள் உண்டு, வெளிய ஹோஸ் மாட்டினா போதும். ஆனா வால்வ் மூடியிருக்கும்போது அத ஓட விட்டுட்டு யார்கிட்டயாவது பேசப் போயிட்டீங்கன்னா டேங்க் நிரம்பி, வென்ட் பைப் (காத்து போறதுக்கான குழாய்) வழியாவோ கோப்பை வழியாவோ மேல வந்துடும், அந்தப் பக்கம் நான் போகல, நீங்களே நினைச்சுப் பாத்துக்கோங்க. ஸ்ப்ரே இல்லாத வண்டிக்கு கோப்பை வழியா விடற வாண்ட் (தண்ணி பீச்சற நீளக் குழாய்), இல்ல வால்வ்ல மாட்டி தண்ணிய எதிர்ப்பக்கமா அடிக்கற கண்ணாடி மாதிரி தெரியற முழங்கை வடிவ பைப். அந்த முழங்கை நல்ல ஐட்டம், தண்ணி தெளிவா வர வரைக்கும் அலசலாம். எத வச்சு அலசினாலும் குடிதண்ணி ஹோஸ இதுக்குத் தொடக்கூடாது, இதுக்குனு வேற கலர்ல தனி ஹோஸ் வச்சுக்கறது நல்லது. ஐஸ் கட்டிய கொட்டிட்டு வண்டி ஓட்டினா சுரண்டி எடுத்துரும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா சுத்துது. ஐஸ் மிதக்கும், கொஞ்ச நேரத்துல கரையும், அடியில இருக்கறத அது எப்படி சுரண்டும்? பாதி டேங்க் தண்ணியும் கொஞ்சம் டிடர்ஜென்ட்டும் ஊத்தி ஓட்டினா அலம்பல்ல ஏதோ கொஞ்சம் கிளம்பும், அவ்வளவுதான். இத்தனைக்கு அப்புறமும் சுத்தமாயிடுச்சானு கேட்டா, ஆயிருக்கும்னுதான் சொல்ல முடியும்.

கேசட்ல இந்தக் கதையே இல்ல. கொட்டறீங்க, ரெண்டு மூணு லிட்டர் தண்ணி ஊத்தி மூடி நல்லா குலுக்கறீங்க, திரும்பக் கொட்டறீங்க, ஒரு டார்ச் அடிச்சு உள்ள எட்டிப் பாக்கறீங்க. ஏதாவது இருந்தா இன்னொரு தடவை. அடிக்கடி காலி பண்றதால எதுவும் காஞ்சு ஒட்டறதுக்கே நேரம் கிடைக்காது. சின்ன டேங்க்ங்கறத எல்லாரும் குறையா சொல்றாங்க, நான் அதையேதான் ப்ளஸ்னு சொல்லுவேன், ஏன்னா பெரிய டேங்க் இருந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னு மனசு தள்ளிப்போடும், கேசட் அந்தச் சலுகையே தராது. கொட்டும்போது காத்து உள்ள போறதுக்கு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கிக்கிட்டே கொட்டணும், இல்லன்னா குபுக் குபுக்னு தெறிக்கும்.

பராமரிப்பே இல்லையானா இருக்கு. கோப்பைக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு தகடு திறந்து மூடும், அதச் சுத்தி ரப்பர் சீல். அந்த சீல் காஞ்சா கசியும், நாத்தம் வரும். அப்பப்ப சிலிக்கான் வகை லூப்ரிகன்ட் தடவணும், வாஸ்லின் தடவாதீங்க, அது ரப்பர கெடுத்துடும். சிறுநீர்லேர்ந்து வர்ற உப்புப் படிவம் அந்தத் தகடு பக்கம் வெள்ளையா சேரும், சிட்ரிக் ஆசிட் கரைசல் ஊத்தி ஊற விட்டா விட்டுடும். ஒண்ணு மட்டும், ஆசிட் போட்ட இடத்துல பிளீச் ஊத்தவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், அந்த சின்ன பாத்ரூம்ல அது விளையாட்டு இல்ல. சீல் மொத்தமா போயிடுச்சுன்னா கூட பெட்டிய மேசை மேல வச்சு நாமளே மாத்திடலாம். இதே பிளாக் டேங்க் வால்வ் சீல் போச்சுன்னா வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு போல்ட் கழட்டணும், கழட்டறப்ப மேல என்ன இருக்குங்கறது தெரிஞ்சுதான் படுக்கணும். கேசட்ட மொத்தமா மாத்தலாம், கூடுதலா ஒண்ணு வாங்கி வச்சுக்கலாம். நிரந்தர டேங்க்ல விரிசல் விட்டா அது வேற லெவல் செலவு.

மருந்து விஷயம். பழைய ஸ்டைல் நீலக் கலர் கெமிக்கல் சிலதுல ஃபார்மால்டிஹைட் இருக்கும். நாத்தத்த நல்லாவே அடக்கும், எப்படினா உள்ள இருக்கற பேக்டீரியாவ கொன்னுடும். ஆனா நீங்க கொட்டற இடம் செப்டிக் டேங்க்கா இருந்தா அங்க இருக்கற பேக்டீரியாவையும் பாதிக்கும், அதான் பல கேம்ப்கிரவுண்ட்ல அதுக்குத் தடை. சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லயே ஃபார்மால்டிஹைட மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கறதுனு வகைப்படுத்திருச்சு, அத வாரம் முழுக்க மூக்குக்குக் கீழ வச்சுக்க எனக்கு இஷ்டமில்ல. பேக்டீரியா, என்சைம் வகை மருந்து நல்லது, ஆனா அதுக்கு தண்ணி வேணும், நேரம் வேணும், மிதமான சூடு வேணும். பெரிய டேங்க்ல தண்ணி நிறைய ஊத்தினா அது நல்லா வேலை செய்யும், இதுல பிளாக் டேங்க்குக்குத்தான் சாதகம், ஒத்துக்கறேன். கேசட்ல ரெண்டு மூணு நாள்ல காலி பண்ணிடறதால அது கரைக்கறதுக்குள்ள பெட்டி வெளிய வந்துடும், நாத்தத்துக்காக மட்டும்தான் கொஞ்சம் போடறோம், பேப்பர் சீக்கிரம் கரையற வகையா வாங்கிட்டா மருந்து பெருசா தேவைப்படல. கடும் குளிர்ல எப்படினு உறுதியா சொல்ற அளவுக்கு அனுபவம் இல்ல, பனி விழற சீசன்ல நாங்க அதிகம் போறதில்ல. பெட்டிய உருவி உள்ள கொண்டுவந்து வச்சா உறையாதுங்கறது மட்டும் கண்கூடு.

நாத்தம்னு வந்தா நிறைய பேர் பிளாக் டேங்க்க திட்டுவாங்க, பாதி நேரம் குத்தவாளி கிரே டேங்க். எண்ணெய், சாதப் பருக்கை, சோப்பு எல்லாம் சேர்ந்து அழுகினா அதுதான் மோசம். தட்ட டிஷ்யூல தொடச்சிட்டுக் கழுவுங்க, சிங்க்ல வலை வைங்க. ரொம்ப நாள் வண்டி நின்னா சிங்க் கீழ இருக்கற வளைவுல தண்ணி வத்திப்போயி டேங்க் வாடை நேரா உள்ள வரும், ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா போதும். இது ரெண்டு வகை வண்டிக்கும் பொது, கேசட் வாங்கினா கிரே டேங்க் வேலை போயிடும்னு நினைக்காதீங்க.

சரி, கேசட் யாருக்கு ஒத்துவராது? நாலு பேர் குடும்பம்னா ஒண்ணு ரெண்டு நாள்லயே நிறைஞ்சுடும். நிறைஞ்ச பெட்டி பெட்டியோட எடையும் சேர்த்து 20 கிலோவத் தாண்டும், முதுகு வலி இருக்கறவங்க, வயசானவங்க தூக்கி சாய்ச்சுக் கொட்டறது கஷ்டம்தான், தள்ளிக்கிட்டுப் போகலாம், ஆனா கடைசியில தூக்கித்தானே ஆகணும். முழு ஹூக்கப்லயே மாசக்கணக்குல தங்கறவங்களுக்கு பிளாக் டேங்க்தான் சுலபம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஹூக்கப் இல்லாத இடமா தேடிப் போற ஆளா இருந்தா ஒரு வேடிக்கை இருக்கு. டேங்க் நிறைஞ்சதும் மொத்த டிரெய்லரையும் மாட்டி டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போகணும், அதுக்கு சோம்பேறித்தனப்பட்டு சக்கரம் வச்ச போர்ட்டபிள் டேங்க் ஒண்ணு வாங்கி, அதுல பிடிச்சு இழுத்துட்டுப் போறவங்கள நிறைய பாக்கலாம். கையால இழுக்க வேணாம்னுதானே பெரிய டேங்க் வாங்கினாங்க! பிளாக் டேங்க்தான்னு முடிவு பண்ணிட்டா மேசரேட்டர் பம்ப் ஒண்ணு யோசிங்க, 12 வோல்ட்ல ஓடும், அரைச்சு சின்ன ஹோஸ் வழியா மேட்டுப் பக்கம் கூட தள்ளும்.

டிரை டாய்லெட்டும் இருக்கு, சிறுநீர் தனி பாட்டில், மத்தது தேங்கா நார்த் தூள்ல விழும், சின்ன ஃபேன் ஈரத்த வெளிய இழுக்கும். தெரிஞ்சவர் வண்டியில கொஞ்ச நாள் பயன்படுத்தினேன், நாத்தம் நினைச்சத விட ரொம்பக் கம்மி. ஆனா சிறுநீர் பாட்டில கிட்டத்தட்ட தினமும் காலி பண்ணணும், குடும்பத்துல எல்லாரும் உக்காந்து போகச் சம்மதிக்கணும். எங்க வீட்டுல சம்மதிக்கல.

ரீசேல் பத்தி பெருசா பேச எனக்கு அருகதை இல்ல, இந்த வண்டிய இன்னும் விக்கல. பொதுவா வட அமெரிக்காவுல வாங்கறவங்க நிரந்தர டேங்க்தான் எதிர்பாப்பாங்க, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கம் கேசட்தான் சாதாரணம், அதனால எங்க விக்கப்போறீங்கங்கறதப் பொறுத்தது.

பழைய வண்டி வாங்கறீங்கன்னா ரெண்டையும் சோதிக்கற விதம் வேற வேற. கேசட்னா பெட்டிய உருவி, தகட்ட திறந்து மூடிப் பாருங்க, கொஞ்சம் தண்ணி ஊத்தி தலைகீழா கவுத்து சீல் ஒழுகுதானு பாருங்க. பிளாக் டேங்க்னா காலியா இருக்கறப்ப சென்சார் என்ன காட்டுதுனு பாருங்க, கோப்பை வழியா டார்ச் அடிச்சு நேர் கீழ மேடு இருக்கானு பாருங்க, அப்புறம் முடிஞ்சா டம்ப் ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிட்டுப் போயி நல்ல தண்ணியால முழுசா நிரப்பி, அந்தத் தெளிவான முழங்கைய மாட்டி வால்வத் திறந்து என்ன கலர்ல வருதுனு பாத்துட்டு விலை பேசுங்க.