மலை மின்நிலையத்துக்கு எந்த விதி காவல்? இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா: ஓர் ஒப்பீடு

நீலகிரியின் பைக்காராவில் 1932-ல் மின் உற்பத்தி தொடங்கிய காலத்தில், அதைக் கெடுக்க நினைப்பவன் மலையேறித்தான் வர வேண்டும். இன்று அந்த அவசியம் இல்லை. பழைய நீர்மின் நிலையத்தைப் புதுப்பித்தால் டிஜிட்டல் கவர்னர் (டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), நியூமெரிக்கல் ரிலே (கோளாறு வந்தால் துண்டிக்கச் சொல்லும் கருவி), ஸ்காடா (கணினி வழியே பார்த்து இயக்கும் அமைப்பு) என்றுதான் வருகிறது. அவை வரட்டும், தேவைதான். ஆனால் அவற்றைத் தொட வலைவழியே யாருக்கு உரிமை, அதை யார் கண்காணிப்பது என்பதை விதிதான் சொல்ல வேண்டும்.

நீலகிரிக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரம் விழுந்து, மண் சரிந்து, பாதை அடைபட்டுக் கிடக்கும் அப்படியொரு நாளில் கவர்னர் மக்கர் செய்தால், தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர் எப்படி மேலே வருவார்? "கனெக்‌ஷன் மட்டும் கொடுங்க சார், இங்கிருந்தே பார்த்துடறேன்" என்பார். ஷிப்டில் இருப்பவருக்கும் அது நியாயமாகவே படும். அந்தத் தொலைதூர இணைப்பை ஒரு விதிமுறை எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே மூன்றையும் எடைபோடுகிறேன். காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்களுக்குள் ஊடுருவியவர்கள், திருடிய கடவுச்சொற்களோடு தொலைதூர இணைப்பு வழியாகத்தான் வந்தார்கள். சுமார் 2,25,000 நுகர்வோருக்குக் கரண்ட் போனது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் ஓடிப்போய், கையால் பிரேக்கரைப் போட்டுத்தான் மீட்டார்கள்.

முதலில் நம்முடையது. மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கான சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இதில் எனக்குப் பிடித்தது அதன் கறார்த்தனம். இயந்திரங்களை இயக்கும் கட்டமைப்பு, இணையத்தோடு தொடர்புள்ள எந்தக் கணினியோடும் ஒட்டக் கூடாது. இணையம் தேவைப்பட்டால் ஒரு தளத்தில் ஒரே ஒரு கணினி, அதுவும் தனி அறையில், தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரியின் பொறுப்பில். அதிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட சாதனத்தில்தான், அதையும் பரிசோதித்த பிறகுதான். தனி அறை, ஒரே கணினி என்பதை யாரும் எளிதில் புரிந்துகொள்ளலாம்; மீறினால் கண்ணுக்கும் தெரியும். உற்பத்தி, மின்தொடரமைப்பு, விநியோகம் என்று யாரையும் விடாமல் எல்லோரையும் இது உள்ளே கொண்டுவருகிறது.

குறை எங்கே என்றால், மீறினால் கேட்பார் யார் என்பதில். தணிக்கை உண்டு, பயிற்சி உண்டு, அதிகாரி உண்டு. ஆனால் மீறினால் நாள் கணக்கில் அபராதம் ஏறும் என்ற ஏற்பாடு இந்த வழிகாட்டுதல்களில் இல்லை. மழைநாளில் "இன்னிக்கு மட்டும்" என்று செருகிய ஒரு இணைய டாங்கிள் அடுத்த வாரமும் அங்கேயே இருந்தால், தணிக்கைக்காரர் வரும்வரை அதைப் பிடுங்க வைக்கும் விசை எதுவும் இல்லை.

அந்த விசை அமெரிக்காவில் இருக்கிறது. 2003 ஆகஸ்டில் நேர்ந்த பெரிய மின்தடைக்குப் பிறகு அங்கே 2005-ல் சட்டம் வந்தது; மின்கட்டமைப்பின் நம்பகத்தன்மையைக் கவனிக்கும் நெர்க் (NERC) அமைப்பின் 'சிப்' (CIP) என்ற பாதுகாப்புத் தரநிலைகள் 2008-ல் கட்டாயமாயின. ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலருக்கு மேல்கூட அபராதம் போகலாம். 2019-ல் ஒரு நிறுவனத்துக்கு, பெயர் வெளியிடப்படாமலே, 1 கோடி டாலர் விதித்தார்கள். தொலைதூர இணைப்பு என்றால் இடையில் ஒரு காவல் கணினி, குறியாக்கம், இரண்டடுக்கு அடையாளச் சோதனை எல்லாம் வேண்டும். கம்பெனி ஆள் உள்ளே இருக்கிறாரா என்று தெரிய வேண்டும், உடனே துண்டிக்கவும் முடிய வேண்டும்.

சரி, இதையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், நிலையங்களை அவற்றின் தாக்கத்தை வைத்துப் படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள்; இந்தக் கறாரில் பெரும்பகுதி நடுத்தர, உயர் படிநிலைகளுக்குத்தான். ஓர் உற்பத்தி நிலையம் பொதுவாக நடுத்தரப் படிநிலையில் ஏற 1500 மெகாவாட் வேண்டும். நீலகிரியின் குந்தா திட்டத்தின் ஆறு நிலையங்களைக் கூட்டினாலும் 600-ஐ எட்டாது. நீலகிரியின் எல்லா நீர்மின் நிலையங்களையும் சேர்த்து, கட்டப்பட்டு வரும் 500 மெகாவாட் குந்தா நீரேற்று நிலையத்தையும் மேலே வைத்தாலும் 1500 வராது. எல்லாமே 'குறைந்த தாக்கம்' என்ற கீழ்த்தட்டில் போய் உட்காரும்; அங்கே விதிகள் மிக மெலிது.

எனக்கு இதில்தான் பெரிய உறுத்தல். கிரிட் (நிலையங்களை ஒன்றாக இணைக்கும் மின்கட்டமைப்பு) முழுக்கச் சரிந்தால், அனல் நிலையம் தன் பம்புகளை ஓட்டவே வெளியிலிருந்து மின்சாரம் கேட்கும். நீர்மின் நிலையம் பேட்டரியையும் சிறு டீசல் ஜெனரேட்டரையும் வைத்து எழுந்துவிடும். இருட்டில் முதலில் கண்விழிக்க வேண்டியவை இந்த மாதிரி நிலையங்கள்தான். அப்படி மீட்புக்கு உதவும் நிலையங்களையும் அமெரிக்கப் பட்டியல் அந்தக் கீழ்த்தட்டிலேயே வைத்திருக்கிறது. விநியோக நிறுவனங்களோ பெரும்பாலும் அதன் எல்லைக்கே வெளியே. உக்ரைனில் அடி விழுந்தது விநியோகத்தில் என்பதை நினைத்தால் மெகாவாட் கணக்கு போதாது என்று தெரியும். 2013 டிசம்பர் 31 முதல் தென்னக கிரிட்டும் நாட்டின் ஒரே கிரிட்டோடு இணைந்தே ஓடுகிறது. சின்ன நிலையம் என்று இங்கே எதையும் ஒதுக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்புச் சட்டமான 'நிஸ்-2' (NIS2) நெறியாணை வேறு இடத்தில் பிடிக்கிறது. இயக்குநர் குழுவே பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு ஒப்புதல் தர வேண்டும், அவர்களும் பயிற்சி பெற வேண்டும், தவறினால் அவர்களே பொறுப்பு. முக்கிய நிறுவனங்களுக்கு அபராதம் 1 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 2 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகும். விநியோகமும் உள்ளே வரும். 2023 மேயில் டென்மார்க்கில் 22 எரிசக்தி நிறுவனங்கள் தாக்கப்பட்டன. வலைக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில் இருந்த ஓட்டைக்கு ஏப்ரலிலேயே திருத்தம் வந்திருந்தும் பலர் போட்டிருக்கவில்லை. இந்த மாதிரி அசட்டையை மேலே இருப்பவரின் பொறுப்பாக்குவதில் ஐரோப்பாதான் முன்னால் நிற்கிறது. ஆனால் "ஆபத்துக்கேற்ற நடவடிக்கை" என்ற அதன் பொதுமொழி, ஷிப்டில் இருப்பவருக்கு நேரடியாக எதுவும் சொல்லாது.

தாக்குதல் பற்றித் தகவல் கொடுக்கும் கெடு இந்தியாவில் 6 மணி நேரம், அமெரிக்காவில் உறுதியான தாக்குதலுக்கு 1 மணி நேரம், ஐரோப்பாவில் முதல் எச்சரிக்கைக்கு 24 மணி நேரம். மலையில் ஃபோனே எடுக்காத நாளும் உண்டு என்பதால் இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எண்ணவில்லை.

ஆக, அடித்தளத்துக்கு நம் வழிகாட்டுதல்தான் என் தேர்வு. சின்ன நிலையத்தையும் அது விடுவதில்லை. அதன்மேல் ஐரோப்பாவின் நிர்வாகப் பொறுப்பைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து அபராதத்தைவிட, இணைப்பைப் பார்த்துத் துண்டிக்கும் அந்த விதியைத்தான் முதலில் கேட்பேன்.

அதற்கான பழக்கம் நம் மின்வாரியத்தில் ஏற்கெனவே இருக்கிறது. லைனில் ஆள் ஏறும் முன் எல்.சி. (லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) எடுக்கிறோம். யார் கேட்டார், எந்த ஃபீடர் (மின்பாதை), எத்தனை மணிக்கு, எல்லாம் பதிவாகிறது, பிரேக்கர் பேனலில் தூரத்திலிருந்து இயக்க முடியாதபடி சுவிட்சை லோக்கலுக்குத் திருப்புகிறோம், எல்.சி. திரும்பி வராமல் லைனுக்கு மின்சாரம் விடுவதில்லை. தவிர்க்கவே முடியாத தொலைதூர இணைப்புக்கும் இதே மாதிரி ஒரு பதிவேடு வையுங்கள். கேட்டவர் பெயர், எந்த யூனிட், தொடங்கிய நேரம், முடித்த நேரம். அவர் முடித்ததும் ஷிப்ட் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) கேபிளைக் கையால் பிடுங்கிவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.