மிளகின் பதினெட்டு நகங்கள்: நான்கு வருட அனுபவம்

டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் எங்களுடையது வாடகை வீடு. தரை முழுக்கக் கார்ப்பெட், கூடத்தில் ஒரு துணி சோபா. 2021 அக்டோபரில், கூட வேலை பார்ப்பவர் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளில் கறுப்புக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்தோம். மிளகு என்று பெயர் வைத்தோம். முதல் மாதத்திலேயே சோபாவின் வலது மூலை தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

சோபாவைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பழைய பொருள்களை விற்பவர்களிடம் எண்பது டாலருக்கு வாங்கியது. கவலை அம்மாவைப் பற்றி. ஆறு மாதம் தங்குவதற்காக மதுரையிலிருந்து வந்திருந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவர் நடந்தால் சுங்குடிப் புடவையின் முந்தானை பின்னால் ஆடும், குட்டி அதைப் பிடிக்கத் தாவும். முந்தானை கிழிந்தால் பரவாயில்லை. ஒரு நாள் முன்கையில் இழுத்துவிட்டது. சின்னக் கீறல்தான், ஆனால் கால் மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஊசி போடணுமாடி?" மிளகு வீட்டை விட்டு வெளியே போவதில்லை, ரேபிஸ் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொன்ன டாக்டர், பூனைக்குத் தெள்ளு இருக்கிறதா என்று கேட்டார். பூனைக் கீறலால் வரும் காய்ச்சலுக்குக் காரணமான பார்ட்டொனெல்லா கிருமியைப் பூனைக்குப் பூனை பரப்புவது தெள்ளுதானாம். அன்றிலிருந்து மாதா மாதம் தெள்ளு மருந்து தவறுவதில்லை.

அடுத்த மாதம் கருத்தடை பற்றிப் பேசக் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அங்கேதான் அந்தப் பேச்சு வந்தது. "கூடவே முன்கால் நகங்களையும் எடுத்துவிடலாமா? மயக்க மருந்து ஒரே தடவைதான், செலவு மிச்சம். லேசரில் செய்கிறோம்." காரைக் கழுவும்போது உள்ளேயும் துடைத்துவிடவா என்று கேட்கிற மாதிரி கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேனே தவிர, மனத்துக்குள் சரி சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அது என்ன சிகிச்சை என்று படித்தேன். நகத்தை வேரோடு பிடுங்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே வளர்கிறது. அது திரும்ப முளைக்காமல் இருக்க அந்த எலும்பையே வெட்டி எடுக்க வேண்டும். முன்கால்களில் காலுக்கு ஐந்து, ஆகப் பத்து விரல் நுனிகள். லேசர் என்றால் கத்திக்குப் பதில் ஒளி, அவ்வளவுதான். வெட்டுப்படுவது அதே எலும்பு.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கைக்காகத்தானே இந்த யோசனையே? அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் வலது கால் சுண்டுவிரலை எடுத்திருந்தார்கள். புண் ஆறியது, ஆனால் நடை மாறிவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து நடந்து நடந்து கடைசி வரை இடுப்பு வலி. "ஒரு விரல் போனதுக்கே உங்கப்பா பட்ட பாட்டைப் பார்த்தவ நான். இதுக்குப் பத்தா? என் கைக்கு நான் முழுக்கை ரவிக்கை போட்டுக்கறேன்."

போட்டும் கொண்டார். ஊருக்குத் திரும்பும் வரை.

பிறகு படித்ததில் அம்மாவின் பேச்சு சரியாகப் பொருந்தியது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நகம் எடுத்த 137 பூனைகளையும் எடுக்காத 137 பூனைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். முதுகு வலி, கடிக்கும் பழக்கம், மலஜலம் கழிக்க வைத்திருக்கும் மணல் பெட்டிக்கு வெளியே போவது எல்லாம் நகம் எடுத்தவற்றில்தான் அதிகம். அவற்றில் 63 சதவீதத்துக்குக் காலில் எலும்புத் துண்டு மிச்சம் இருந்திருக்கிறது. மணலைத் தோண்டும்போது கால் வலித்தால் பூனை மணலைத்தான் குற்றம் சொல்லும், மெத்தான பாய்க்கோ படுக்கைக்கோ போய்விடும். மேல் மாடியில் குடியிருக்கும் பெண்மணியின் வயதான பூனை அப்படித்தான் குளியலறை மிதியடியில் போகிறது, தொட்டால் கடிக்கிறது. அதற்குச் சின்ன வயதிலேயே நகம் எடுத்தாயிற்று. அதனால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நகம் இல்லாத பூனைக்குக் கடைசியில் மிஞ்சுவது பல்தானே?

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில்கூட இந்த அறுவை தேவையில்லை என்பதுதான் இங்கே பொதுச் சுகாதாரத் துறையின் நிலை. நியூயார்க் மாநிலம் 2019-இல் தடை செய்துவிட்டது. எங்கள் டெக்சாஸிலேயே ஆஸ்டின் நகரம் 2021-இல் தடை செய்தது. மூன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் குற்றம், எங்கள் ஊரில் கருத்தடையோடு சேர்த்துச் சலுகை. லண்டனில் இருக்கும் நாத்தனாரிடம் சொன்னபோது, இப்படி ஒன்று உண்டா என்று கேட்டார். மதுரையில் மதில் மேல் நடக்கும் பூனைகளைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும்.

சரி, வேண்டாம் என்று முடிவெடுத்தாகிவிட்டது. நகம் அங்கேயேதான் இருக்கிறது. இந்த நான்கு வருடத்தில் எது பயன்பட்டது, எது காசுக்குக் கேடு?

சோபாவைக் கீறாமல் இருக்க அடிக்கும் வாசனை ஸ்ப்ரே: குப்பை. எங்களுக்குத்தான் தலைவலி வந்தது.

நகத்துக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொரு நகத்திலும் பசை வைத்து மாட்ட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. மிளகு நாலே நாளில் இரண்டைக் கடித்துத் துப்பினாள். நீல நிறத்தில் வாங்கியிருந்தேன், "பூனைக்கு நெயில் பாலிஷா?" என்று அம்மாவுக்குச் சிரிப்பு. ஆனாலும் அவர் இருந்தவரை மாட்டினேன். அந்த இரண்டு மாதமும் கையில் ஒரு கீறல் இல்லை. தற்காலிகத் தேவைக்கு நல்லது, நிரந்தரமாக எனக்குப் பொறுமை இல்லை.

கீறும் தூண்தான் பெரிய பாடம். முதலில் கடையில் வாங்கியது முழங்கால் உயரம், தொட்டாலே ஆடும். அதை மூலையில், யார் கண்ணிலும் படாமல் வைத்தேன். மிளகு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. பூனை கீறுவது நகத்தைத் தீட்ட மட்டுமில்லை. உடம்பை நீட்டி முறிக்க, நகத்தின் பழைய மேல் ஓட்டை உதிர்க்க, பாதத்தில் இருக்கும் சுரப்பியின் வாசனையைத் தடவி 'இது என் இடம்' என்று சொல்லி வைக்க. யாருமில்லாத மூலையில் யாராவது பெயர்ப் பலகை மாட்டுவார்களா? அப்புறம் நாங்களே ஒன்று செய்தோம். ஒரு கனமான மரச் சட்டம், கீழே அகலமான பிளைவுட், 80 செ.மீ. உயரத்துக்கு நெருக்கமாகச் சுற்றிய சைசல் (கற்றாழை நார்) கயிறு. கயிறு மட்டும் சுமார் 30 மீட்டர் ஆனது. பின்னங்காலில் நின்று முன்காலை எட்டும் வரை நீட்டினாலும் ஆடக் கூடாது, அதுதான் முக்கியம். சோபாவின் மூலையை ஒட்டியே வைத்து, பூனைகளை இழுக்கும் கேட்னிப் மூலிகையைத் தூவி, சோபா மூலையில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டினேன். மூன்று வாரத்தில் மாறிவிட்டாள். கயிற்றை இதுவரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம்.

ஒரு நாள் தூணடியில் முழு நகம் ஒன்று கிடந்தது. பதறிப்போனேன். அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாம்புச் சட்டை மாதிரிடி" என்றார். அதேதான். மேல் ஓடு கழன்று, உள்ளே புது நகம் கூராக இருந்தது.

அந்தக் கூரை மழுக்குவது நகவெட்டியின் வேலை. எனக்கு அதிகம் உதவியதும் அதுதான், விலை பத்து டாலர்கூட இல்லை. முதல் தடவை மூன்று பேர், ஒரு துண்டு, நிறைய அலறல், பெரும்பாலும் என்னுடையது. பூனைச் சலூனில் ஒரு தடவைக்கு 18 டாலர் கேட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் வெறுமனே பாதத்தைப் பிடித்துப் பிடித்து விட்டேன். அப்புறம் சாப்பிட்டுத் தூங்கி வழியும் நேரம் பார்த்து, விரலை மெல்ல அழுத்தி, வெளியே வரும் நகத்தின் வளைந்த நுனியை மட்டும் வெட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிர் நகம், அதைத் தொடக் கூடாது. ஒரு தடவை தொட்டுவிட்டேன். சோள மாவை அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது, என் மேல் கோபம் இரண்டு நாள் நிற்கவில்லை. கட்டைவிரல் நகத்தை மறக்காதீர்கள். அது தரையில் தேயாது, வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்திவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முன்னால் பத்து, பின்னால் எட்டு. இப்போது நான் மட்டும் போதும், ஐந்து நிமிடம்.

போன வருடம் சோபாவையும் மாற்றினோம். இந்தத் தடவை நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபர் துணி. நகம் மாட்டி இழுபட இடம் கொடுக்காததால் அவளுக்கு அதில் சுவாரசியமே இல்லை, வலது மூலையைத் தவிர. அதை மட்டும் ஏனோ விடமாட்டேன் என்கிறாள். அம்மா விட்டுப்போன கிழிந்த சுங்குடிப் புடவையை நாலாக மடித்து அதன் மேல் போட்டு வைத்திருக்கிறேன். அதில் இப்போது முதல் மடிப்பு போய்விட்டது.