முதல் தனிப்பயணம்: சிங்கப்பூரா, பினாங்கா, பாங்காக்கா, இலங்கையா?

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகி, பாஸ்போர்ட்டும் கொஞ்சம் சேமிப்பும் கையில் இருக்கிற பிள்ளை "தனியாக ஒரு வெளிநாடு போய் வருகிறேன்" என்று வீட்டில் சொன்னால், சொந்தபந்தம் முழுவதும் ஒரே ஊரைத்தான் சொல்லும். சிங்கப்பூர். எனக்கும் அதையே சொன்னார்கள். 23 வயதில் போனேன், நான்கு நாள் இருந்தேன், பத்திரமாகத் திரும்பினேன். அடுத்த ஆண்டு மலேசியாவின் பினாங்குக்குத் தனியாகப் போனபோதுதான் வரிசையை மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் முன்னேபின்னே பறந்தால் போய்ச் சேரக்கூடிய நான்கு இடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எது அழகு, எது மலிவு என்று கேட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறும். முதல் முறை போகிறவருக்கு நான் வைக்கும் அளவுகோல் வேறு: அங்கே ஒரு தப்பு செய்தால் அது எவ்வளவில் போகும்? தனியாக முதல் முறை போகிறவர் தப்பு செய்யாமல் திரும்ப மாட்டார். தவறான பஸ்ஸில் ஏறுவார், விலை கேட்காமல் சாப்பிடுவார், சார்ஜ் இல்லாத போனோடு நடுத்தெருவில் நிற்பார்.

சிங்கப்பூரில் என் தப்பு விமான டிக்கெட் எடுத்த அன்றே நடந்துவிட்டது. விலை குறைவு என்று இரவு பதினொன்றரைக்கு இறங்கும் விமானத்தைப் பிடித்தேன். குடிநுழைவு வரிசையைத் தாண்டி வெளியே வந்தபோது கடைசி எம்.ஆர்.டி. ரயில் போய்விட்டது. நள்ளிரவு 12 மணிக்கு மேல் அந்த ஊர் டாக்சிகளில் மீட்டர் தொகைக்கு மேல் 50 சதவீதம் கூடுதல் கட்டணம். லிட்டில் இந்தியாவில் நான் பதிவு செய்திருந்த படுக்கைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 40 சிங்கப்பூர் டாலர் ஆயிற்று. ஒரு டாலரை 65 ரூபாய் என்று வைத்தாலும் கணக்கு 2,600 ரூபாய். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாமே சட்டப்படிதான் நடந்தது. அந்த ஊரில் தப்புக்கு விலை உண்டு, அதுவும் எழுதிவைத்த விலை. ரயிலுக்குள் தண்ணீர் குடித்தால்கூட 500 டாலர் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. சூயிங்கம் இறக்குமதிக்கு 1992 முதல் தடை. மின்சிகரெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க ஒன்று இருக்கிறது, அது கனமானது. இரவு பதினொரு மணிக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து விடுதி வரை தனியாக நடந்தேன். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் ஊரில் வளர்ந்த பெண்ணிடம் விளக்க வேண்டியதில்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. பல இடங்களில் அறிவிப்புப் பலகையிலேயே கண்ணில் படும். தேக்கா சந்தையில் கைகாட்டித் தமிழில் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். இரவில் வெளியே போகவே பயம் என்பவர் மட்டும் சிங்கப்பூரை முதலில் வைத்துக்கொள்ளட்டும்.

மற்றவர்களுக்கு அந்த ஊர் எதையும் கற்றுத்தராது. அம்புக்குறியைப் பின்தொடர்ந்தால் போதும். மூன்றாம் நாள் எனக்கு வந்தது சலிப்புகூட இல்லை, ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள்ளேயே தூங்கி எழுந்துகொண்டிருக்கிற உணர்வு. விசாவும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 டாலர், முகவர் கட்டணம் தனி.

மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம். இந்தச் சலுகையை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானமும் வந்துவிட்டது. கோலாலம்பூரைச் சொல்லாமல் பினாங்கைச் சொல்வதற்குக் காரணம், அதன் தலைநகரான ஜார்ஜ் டவுன் காலால் அளக்கக்கூடிய ஊர். வழி தவறினால் அரைமணி நேரத்தில் கடலோ கொம்தார் கோபுரமோ கண்ணில் பட்டுவிடும்.

விடுதிக்குள் நுழைந்தபோது என் போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். படுக்கைக்கு மேல் இருந்த பிளக்கில் மூன்று தட்டைத் துளைகள். என் கையில் இரண்டு உருண்டைக் கால் வைத்த நம் ஊர் சார்ஜர். பொருந்தவில்லை. சிங்கப்பூரிலும் அதே பிளக்தான். ஆனால் அங்கே விடுதிக்காரர்களே அடாப்டர் கொடுத்துவிட்டதால் எனக்கு விஷயமே தெரியாமல் போயிருந்தது. சூலியா தெருவில் இறங்கிக் கடை கடையாக ஏறினேன். மூன்றாவது கடையில் இருந்த பெரியவர் என் சார்ஜரை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இராமநாதபுரமா, தஞ்சாவூரா?" என்றார். மதுரை என்றேன். அடாப்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு, பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாதே, மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துவிடுவார்கள் என்றார். அந்தத் தெருவின் பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பதுதான். சூலியா என்றுதான் அவர்களை அங்கே அழைத்தார்கள்.

சாப்பாட்டிலும் ஒரு பாடம் கிடைத்தது. நாசி கண்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் தொடங்கியது; கண்டார் என்றால் அந்தத் தண்டுதான். இன்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டுகள். "என்னம்மா வேண்டும்?" என்றார் பரிமாறுகிறவர். கோழி என்றேன், வெண்டைக்காய் என்றேன், பிறகு அந்தப் பெரிய இறாலைக் காட்டினேன். "கூவா பஞ்சிரா?" என்று கேட்டார். புரியாமல் தலையாட்டினேன். எல்லாக் குழம்பையும் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றித் தட்டையே வெள்ளக்காடாக்கிவிட்டார். பஞ்சிர் என்றால் வெள்ளம் என்பது பிறகுதான் தெரிந்தது. பில் 38 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டை 20 ரூபாய் என்று வைத்தால் 760 ரூபாய். பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே, இறாலைத் தொடுவதற்கு முன் விலையைக் கேட்க வேண்டும் என்றார். மறுநாள் கேட்டேன். எவ்வளவு என்று கேட்க, பெராப்பா என்ற ஒரு சொல் போதும். என் மதியச் சாப்பாடு அன்று 11 ரிங்கிட்டில் முடிந்தது.

பஸ்ஸில் ரொக்கமாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை தர மாட்டார்கள். இது தெரியாமல் பினாங்கு மலைக்குப் போகும் 204 பஸ்ஸில் பெரிய நோட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற ஒரு மலாய்ப் பாட்டி தன் அட்டையைத் தட்டி எனக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். மலையிலிருந்து திரும்பியபின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் போனேன். படி ஏறி முடிக்கும்போது காலில் உயிர் இல்லை.

இதுதான் நான் சொல்ல வருகிற வித்தியாசம். பினாங்கில் எனக்கு நாளுக்கு இரண்டு தப்பு நேர்ந்தது. எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு டாக்சிக் கட்டணத்தில் பாதிகூட வரவில்லை. மாட்டிக்கொண்டால் தமிழில் கேட்க ஆள் கிடைக்கிறார். அதே நேரத்தில் எல்லாவற்றையும் தமிழிலேயே முடித்துவிடவும் முடியாது. பஸ்ஸுக்கும் படகுக்கும் மலாயும் சைகையும் வேண்டியிருக்கிறது. குறையும் உண்டு. நடைபாதையைக் கடைகளும் மோட்டார் சைக்கிள்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, பழைய நகரின் உள்தெருக்கள் இரவு பத்துக்கு மேல் வெறிச்சோடிவிடுகின்றன. அந்த நேரத்தில் நான் வெளியே நடக்கவில்லை, வண்டிதான் பிடித்தேன்.

பாங்காக் கொஞ்சம் பழகியபிறகு போவதற்கு அருமையான ஊர். தாய் எழுத்துக்கு மூலம் கெமர் எழுத்து வழியாகப் பல்லவர் எழுத்துக்குத்தான் போகிறது, ஆனால் அந்த உறவால் நமக்கு ஒரு பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியாது. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலைத் தாண்டினால் தமிழும் அநேகமாக இல்லை. அரண்மனை வாசல் பக்கம் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு இடங்களைக் குறைந்த காசுக்கு இந்த டுக்டுக் காட்டும்" என்பார். வண்டி கடைசியில் ரத்தினக் கடையில் போய் நிற்கும். ஊரறிந்த பழைய தந்திரம்தான், இன்னும் ஆள் விழுகிறார்கள். அங்கே போகிற பணம் 38 ரிங்கிட்டில் நிற்காது.

இதைவிட முக்கியமான ஒன்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட இளைஞர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். 2022இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. ஆகவே இருபது வயதுப் பிள்ளை தனியாக பாங்காக் டிக்கெட்டோடு நின்றால் சென்னைக் குடிநுழைவு மேசையில் கூடுதலாக இரண்டு கேள்வி வரலாம். கோபப்பட ஒன்றுமில்லை. திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டால் பேச்சு குறையும்.

இலங்கையைப் பற்றி வீட்டில் மறுப்பு வராது. விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் இருக்கிறது, ஆனால் வானிலைக்கு ஏற்ப நின்று நின்று ஓடும் சேவை அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ரொட்டி பாண் ஆகிவிடும், பேசுவது கதைப்பது ஆகிவிடும். மற்றபடி பெரியம்மா வீட்டுக்குப் போனது போலத்தான். முதல் பயணத்துக்கு இது வசதி என்பார்கள். எனக்கு அங்கேதான் தயக்கம். மொழி ஒன்று என்பதாலேயே, நம் பிள்ளைகள் தேநீர்க் கடையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் முன்பின் தெரியாதவரிடம் போரைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தப்புக்கான விலையைக் கொடுப்பவர் எதிரில் இருப்பவர். வாயை மூடிக்கொண்டு கேட்கப் பழகியபிறகு போக வேண்டிய நாடு அது.

எனவே என் வரிசை பினாங்கு, சிங்கப்பூர், இலங்கை, பாங்காக். பினாங்கு போகிறவர்கள் மலேசியாவின் மின்வருகை அட்டை (எம்.டி.ஏ.சி.) என்ற இணையப் படிவத்தைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் இணையதளம் போலி. வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வீட்டிலிருந்தே திறந்துவிட வேண்டும், ஓ.டி.பி. வருவதற்கு நம் ஊர் சிம்மில் ரோமிங்கும் வேண்டும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயா ரிங்கிட்டா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட்டைத் தொடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அடித்துவிடுவார்கள். மூன்று தட்டைக் கால் அடாப்டர் பர்மா பஜாரிலேயே கிடைக்கும். நான் சூலியா தெருவில் வாங்கியது இன்னும் வேலை செய்கிறது. போன மாதம் தங்கை அதை வாங்கிக்கொண்டு போனாள்.