நோர்வேயிலிருந்து வந்த பில்பெரி கப்சூல்: இரண்டு வருடம் எடுத்துப் பார்த்ததில்

2022 நடுப்பகுதி, இலங்கை. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மருந்துக்கு அலைச்சல். கொலஸ்ட்ரோலுக்கு மாதாமாதம் கிளினிக்கில் எடுக்கும் அட்டோர்வாஸ்டற்றின் 10 மில்லிகிராம் குளிசையை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்துவிட்டார்கள். திருகோணமலை ரவுணில் மூன்று பார்மசி ஏறி இறங்கியும் ஒரு கார்ட் கிடைக்கவில்லை. ஒஸ்லோவில் இருக்கும் மகளிடம் இதைச் சொன்னேன். இங்கே வந்த ஒருவரிடம் அவள் கொடுத்துவிட்டது பில்பெரிச் சாறு அடைத்த கப்சூல். "அம்மா, இது இங்க காட்டில காய்க்கிற பழம். கொலஸ்ட்ரோலுக்கு நல்லதாம், போட்டுப் பாருங்கோ" என்றாள்.

பில்பெரி, புளூபெரியின் நெருங்கிய சொந்தம். புளூபெரியை வெட்டினால் உள்ளே வெளிறிய பச்சை. பில்பெரி தோல் தொடங்கிச் சதை வரை ஊதா, தின்றால் நாவற்பழம் போல நாக்கில் ஒட்டும். அந்த நிறத்தைக் கொடுப்பது அந்தோசயனின். என்னுடைய கப்சூல் ஒன்றில் அது 80 மில்லிகிராம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. 2009 இல் வெளிவந்த ஒரு சீன ஆய்விலும் இதே அளவைத்தான், நாளுக்கு 320 மில்லிகிராம், 12 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தக் கொழுப்பின் அளவு சீராக இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்குக் கப்சூல், மீதிப் பேருக்கு வெறும் கூடு. கப்சூல் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஏறக்குறைய 14 சதவீதம் இறங்கியது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். அதேயளவு ஏறியது. மகள் வாசித்து நம்பியதும் இதைத்தான்.

என் கணக்குக்கு வருகிறேன். எந்த மருந்தும் தொடங்காத காலத்தில் என் எல்.டி.எல். 171. குளிசை எடுத்தபோது 104. குளிசையே இல்லாமல் கப்சூல் மட்டும் நான்கு மாதம் எடுத்து ஒக்டோபரில் பார்த்தபோது 153. எச்.டி.எல். 42 இலிருந்து 47. எனக்குப் பெரிய சந்தோசம். றிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனேன்.

அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரீச்சர், நீங்கள் 171 இல இருந்து 153 க்கு இறங்கினதைப் பாக்கிறீங்கள். நான் 104 இல இருந்து 153 க்கு ஏறினதைப் பாக்கிறன். உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு."

இரவு முழுக்க அதையே யோசித்தேன். அந்த இறக்கம்கூடக் கப்சூலால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? அந்த நான்கு மாதமும் வீட்டில் தேங்காய்ப் பாற்சொதி வைத்தது சில நாட்கள்தான். பெற்றோல் இல்லாததால் உப்புவெளியிலிருந்து ரவுணுக்கே நடந்து போய் வந்திருக்கிறேன்.

பிறகுதான் ஆறுதலாக வாசித்தேன். எச்.டி.எல். இலிருந்து கொலஸ்ட்ரோலை எடுத்து எல்.டி.எல். பக்கம் மாற்றிவிடும் சி.ஈ.டி.பி. என்ற புரதத்தை அந்தோசயனின் குறைக்கிறது என்பதுதான் அந்தச் சீன ஆய்வின் விளக்கம். அதே புரதத்தை அடக்குவதற்கென்று டோர்செட்ராபிப் என்று ஒரு மருந்தும் செய்தார்கள். அது எச்.டி.எல். ஐ மிக உயரத்துக்கு ஏற்றியது, எல்.டி.எல். ஐயும் இறக்கியது. ஆனால் எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்த வேண்டி வந்தது. அந்த மருந்து பிரஷரையும் ஏற்றியது, பழச்சாற்றை அதோடு சேர்த்துப் பழிக்க முடியாது. ஆனால் றிப்போர்ட்டில் எண் அழகாக மாறினால் இதயமும் தப்பிவிட்டது என்ற என் நம்பிக்கை அன்றோடு போனது. நான் எடுக்கும் அட்டோர்வாஸ்டற்றின் சேர்ந்த ஸ்டற்றின் வகைக் குளிசைகளுக்கு அந்தச் சாட்சி இருக்கிறது. 1994 இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளரை ஐந்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, அதே வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டற்றின் எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்ததைக் காட்டினார்கள். மகள் இருக்கும் நோர்வேயிலிருந்தும் அதில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். 12 கிழமைக் கப்சூல் ஆய்வை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குளிசை திரும்பக் கிடைத்ததும் இரண்டையும் சேர்த்து 2024 நடுப்பகுதி வரை எடுத்தேன். எல்.டி.எல். 97. கப்சூலை விட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 103. இந்த ஆறு புள்ளி வித்தியாசம், ஒரே ஆளுக்கு இரண்டு வேறு நாளில் இரத்தம் எடுத்தாலே வரக்கூடியது. ஒரு மாதக் கப்சூலின் காசுக்கு எனக்கு ஆறு மாதத்துக்கு மேல் குளிசை வாங்கலாம்.

எடுக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதற்கிழமை மலம் கறுப்பாகப் போய்ப் பயந்தேன், அது பழத்தின் நிறம். ஆனால் அஸ்பிரின் எடுப்பவர்கள் அப்படி நினைத்துச் சும்மா இருக்கக்கூடாது, வயிற்றில் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணை வால்வு ஒப்பரேசன் செய்தவர், கேட்டும் நான் கொடுக்கவில்லை. கச்சான் காற்றடிக்கும் நாளில் ஜன்னலோரம் வைத்த போத்தலில் கப்சூல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அந்தோசயனின் கெட்டுப்போகும், பிறிட்ஜ் கதவில் வையுங்கள்.

போலியும் உண்டு. அமரந்த் என்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து பில்பெரி என்று விற்றதை 2006 இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. அதனால் ஒரு கப்சூலைப் பிரித்து, இரண்டு வெள்ளைப் பீரிசில் தண்ணீர் விட்டுத் தூளைக் கரைத்தேன். ஒன்றில் தேசிக்காய் பிழிந்ததும் ஊதா மாறிச் செக்கச்செவேல் என்றானது. மற்றதில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட, கரையிலிருந்து நீலம் பரவி நடுவுக்கு வந்தது. சாயமாக இருந்தால் இப்படி நீலத்துக்கு மாறாது. மகள் அனுப்பியது வெறும் சாயம் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி அனுப்ப வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகம் வாடியது, பிறகு மூன்று றிப்போர்ட்டையும் படமெடுத்து அனுப்பினேன். "அப்ப குளிசையை ஒரு நாளும் விடாதேங்கோ அம்மா" என்று எழுதினாள். போத்தலில் பதினொரு கப்சூல் மிச்சம் இருக்கிறது. அடுத்த பரிசோதனை ஐப்பசியில்.