குன்னூர் மேட்டில் உதறும் ஸ்கூட்டருக்கு ஒரு பட்டறை

கியர் இல்லாத ஸ்கூட்டர் மேட்டில் கிளம்பும்போது உதறினால், மலையில் பல கடைகள் முதலில் சொல்வது "பெல்ட் மாத்திடலாம்". குன்னூரில் இருக்கும் இந்தச் சின்னப் பட்டறையில் கவரைத் தொடும் முன்பே ஒரு கேள்வி வருகிறது: "எப்போண்ணா உதறுது?"

பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கிளம்பும்போது உதறி, 20 கி.மீ. வேகம் தாண்டியதும் அடங்கினால் கிளட்ச். நடு வேகத்தில் விட்டுவிட்டு இழுத்தால் முன் புல்லிக்குள் ஓடும் ரோலர்களின் தேய்மானம். சென்டர் ஸ்டாண்டில் ஐடிலிங்கிலேயே ஹேண்டில் வரை அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பரை, அதாவது மவுண்ட் புஷ்ஷைப் பார்க்கிறார்கள். பனிக்காலக் காலையில் முதல் அரை கிலோமீட்டர் மட்டும் என்றால் ஈரம்தான், சூடானதும் சரியாகிவிடும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதற்கும் கிளட்ச் ஷூ மாற்றிக் காசு வாங்குகிற ஆட்கள் உண்டு!

இங்கே அதிகம் வருவது கிளட்ச் கேஸ். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம்தான் காரணம். ஷூ பாதி பிடித்தபடியே தேய்ந்து, கண்ணாடிபோல் வழுவழுத்துப்போகும். ஷூ உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் கிண்ணத்தை, அதாவது பெல்லைக் கழற்றிக் கையில் கொடுத்துக் காட்டுகிறார்கள். உள்ளே சூடேறிய நீலத் திட்டு இல்லையென்றால் உப்புத்தாள் போட்டு, தூசியை ஏர் அடித்தாலே போதும். நீலம் ஓடியிருந்தால் தாள் போட்டது ரொம்ப நாள் தாங்காது, பெல்லும் ஷூவும் சேர்ந்தே மாற வேண்டும்.

ரோலர் ஒன்று தட்டையானாலும் 6 ரோலரையும் ஒரே எடையில் மாற்றுகிறார்கள். பெல்ட்டின் அகலத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அந்த வண்டியின் மேனுவல் அளவோடு பார்க்கிறார்கள். மாட்டும்போது பின் புல்லியை விரித்து பெல்ட்டை ஆழமாக இறக்கிய பிறகே முன் புல்லி நட்டை முடுக்குகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் பெல்ட் முன் புல்லியின் நடுவில் சிக்கி, நட்டு இறுகியதுபோல் ஏமாற்றும். கொஞ்ச தூரம் ஓடியதும் லூஸாகி அந்தப் புல்லி உட்காரும் கிராங்க் தண்டின் பல்லையே தின்றுவிடும்.

குறை இங்கேதான். இவ்வளவு பார்ப்பவர்கள் கடைசியில் நட்டை, இறுக்கத்தை அளக்காமல், இம்பாக்ட் கன் என்கிற முடுக்கும் மெஷினால் அடித்து முடிக்கிறார்கள். சரியான அளவில் இறுக்க உதவும் டார்க் ரென்ச் அலமாரியில் இருக்கிறது, கேட்டால்தான் வெளியே வரும். கேளுங்கள். ஏர் அடிக்கும்போது மட்டும் வாசல் பெஞ்சில் டீயோடு உட்காராதீர்கள், பெல்ட் தூசி முழுக்க அந்தப் பக்கம்தான் வருகிறது.