இரும்பு எஞ்சின் புல்லட்டா, யெஸ்டி ரோடுகிங்கா? மதுரையிலிருந்து மலை ஏறுகிறவனின் கணக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வண்டியை எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டி, அதிலேயே ஊர் சுற்ற வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அறுபதைத் தாண்டிய பிறகுதான் கைகூடியது. தேடிய காலத்தில் மதுரையில் என் கண்முன் நின்றவை மூன்று: காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் போட்ட என்ஃபீல்டு புல்லட் 350, யெஸ்டி ரோடுகிங், யமஹா ஆர்எக்ஸ் 100. நான் எடுத்தது புல்லட். ரோடுகிங் என் மைத்துனர் வீட்டில் நிற்கிறது. அதைப் பிரித்து மாட்டிய வேலையில் பாதி என் கையால் நடந்தது, மலைக்கும் ஓட்டிப் போயிருக்கிறேன். அதனால் இந்த இரண்டையும் பற்றித் தைரியமாகப் பேசுவேன். என் மனம் புல்லட் பக்கம்தான் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்எக்ஸ் 100ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டித்தான். மாசி வீதி நெரிசலில் அதைப் போல வளைந்து நெளிந்து போகும் வண்டி வேறில்லை. ஆனால் என் தேவை பின்னால் வீட்டுக்காரம்மா, பக்கத்தில் ஒரு பை, போடிமெட்டு வரைக்கும் பயணம். ஆடி மாதத்தில் ஆண்டிபட்டிக் கணவாயில் வீசுகிற மேல்காற்றுக்கு அந்த எடை போதாது. போதாக்குறைக்கு இளவட்டங்கள் போட்டி போட்டு வாங்கி விலையை எங்கேயோ கொண்டுபோய் விட்டார்கள். அழகான வண்டி, என் வேலைக்கு ஆகாது.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். சத்தம் இரண்டுக்குமே தனி அழகு. புல்லட் லிட்டருக்கு முப்பதுக்கு மேல் தருகிறது, ரோடுகிங் அதற்குக் கீழே. ரோடுகிங் டூ ஸ்ட்ரோக் என்பதால் அதன் பெட்ரோலோடு லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி டூடி ஆயிலும் கலக்க வேண்டும். கிளம்பும்போது இருக்கிற துள்ளல் யெஸ்டிக்கு. பின்னால் ஆள் உட்கார்ந்தால் சௌகரியம் புல்லட்டுக்கு. இதையெல்லாம் வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது.

முடிவை எடுக்க வைத்தது பராமரிப்பு. பராமரிப்பு என்றதும் எல்லாரும் செலவைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்வது வேறு. எஞ்சினில் ஏதாவது ஒன்று கெட்டால் அதற்காக எவ்வளவு தூரம் பிரிக்க வேண்டியிருக்கிறது, அதை இந்த வயதில் நான் ஒருவனாகவே செய்ய முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. பழங்காநத்தம் பக்கம் எனக்கு மூத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாங்குவதற்கு முன்னால் அவரிடம் யோசனை கேட்டபோது, "தம்பி, வண்டி ஓடுறதப் பாக்காத. நின்னா எந்த மூடியக் கழட்டணும்னு பாரு" என்றார். அந்த இடத்திலிருந்துதான் என் கணக்கு தொடங்கியது.

பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. இரண்டும் தனித்தனி வார்ப்பு. எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸைப் போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். நடுவில் பிரைமரி செயின், கிளட்ச், ஆல்டர்னேட்டர் எல்லாம் இடது பக்கத்து மூடிக்குள். பழைய வீட்டில் சமையலறை ஓடு உடைந்தால் சமையலறைக் கூரையில் மட்டும் கை வைத்தால் போதும் இல்லையா, அந்த மாதிரி. கியர் விழவில்லையா, கியர்பாக்ஸை மட்டும் திற. வலது பக்கத்து மூடிகளைக் கழற்றி, இடது பக்கம் கிளட்ச்சை எடுத்துவிட்டால், கியர்பாக்ஸின் கூடு ஃபிரேமிலேயே இருக்க, உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் கையோடு வந்துவிடும். எஞ்சினைத் தொட வேண்டாம். கிளட்ச் பிளேட் தேய்ந்ததா, ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் விலக்கு, இடது பக்கத்துப் பெரிய மூடி ஒரே ஒரு நட்டில்தான் நிற்கிறது. அதைக் கழற்றினால் கிளட்ச் முகத்துக்கு நேரே இருக்கும். டேப்பட் (வால்வைத் தூக்குகிற பாகம்) சத்தமா, பிஸ்டன் ஓடுகிற பேரலுக்கு ஓரத்தில் ஒரு சின்ன மூடி. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, புஷ்ராடு என்கிற கம்பியை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. இரண்டு மூன்று ஸ்பேனர் போதும். இதை நான் உசிலம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

ரோடுகிங்கில் அப்படி இல்லை. எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. அந்தக் கூடு நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்கிற மாதிரி செய்யப்பட்டது. கியரில் ஒரு புஷ் தேய்ந்தாலும், கியரை மாற்றுகிற செலக்டரில் கோளாறு வந்தாலும், எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்கி, மேலே பேரல், பிஸ்டன் எல்லாம் கழற்றி, கூட்டைப் பிளந்து, கிராங்க் (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) வரைக்கும் வெளியே எடுத்தாக வேண்டும். மறுபடி மூடும்போது பேக்கிங், சீல் எல்லாம் புதிது. இருபது வயதில் இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இப்போது எஞ்சினைத் தூக்கி மேசையில் வைக்கவே துணைக்கு ஓர் ஆள் வேண்டும், மறுநாள் இடுப்பு பேசும்.

யெஸ்டிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இல்லை, டேப்பட் இல்லை, கேம் இல்லை, எண்ணெய் பம்ப் இல்லை. மேல்பாகத்தைக் கழற்றிப் பிஸ்டனையும் ரிங்கையும் பார்ப்பதற்கு அதைவிட எளிதான எஞ்சின் கிடையாது. சைலன்சர் உள்ளே அடைக்கிற கரியை அவ்வப்போது எடுத்துவிட்டால் மூச்சும் நன்றாக இருக்கும். கெடுவதற்கு இருப்பவை குறைவு. ஆனால் கெடுகிற இடம் அடியில் இருக்கிறது. கிராங்க் ஓரங்களில் இருக்கிற ஆயில் சீல்தான் அதன் உயிர்நிலை. இடது சீல் போனால் கியர் ஆயிலை உள்ளே இழுத்துக் குடித்துப் புகையாகத் தள்ளும். வலது சீல் போனால் காற்றை இழுக்கும், ஐட்லிங் நிற்காமல் எகிறும், பெட்ரோல் கலவை நீர்த்துப் பிஸ்டன் சூடேறும். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகிற சித்திரை வெயிலில் அப்படிச் சூடேறினால் பிஸ்டன் பேரலைப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. இரும்பு புல்லட் சத்தத்திலேயே முறையிடும். கேட்கத் தெரிந்தவனுக்கு வாரக்கணக்கில் அவகாசம் தரும்.

கிராங்க் வேலை என்று வந்துவிட்டால் இரண்டுமே லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதில் வித்தியாசம் இல்லை. பேரல் போர் பண்ணுவதும், அதாவது உள்பக்கத்தைக் கடைந்து அகலமாக்குவதும் அப்படியே. ஓவர்சைஸ் பிஸ்டனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ப போர் பண்ணச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இரண்டு வண்டிக்கும் பொதுவான என் வேண்டுகோள்.

உதிரி பாகம் இதோடு ஒட்டிய விஷயம். என்ஃபீல்டு இந்தியா 1955ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், திருவொற்றியூரில் ஆலை. 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் என்ற அந்த அடிப்படை இரும்பு எஞ்சினை 2010ஐ ஒட்டித்தான் நிறுத்தினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே குடும்பத்து எஞ்சின் ஓடியதால் பாகம் எங்கும் கிடைக்கிறது. தேனியில் கிடைக்கும், திண்டுக்கல்லில் கிடைக்கும். ரோடுகிங்கைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலையோ 1996ல் மூடிவிட்டது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் பின்னால் யாரோ வார்த்தவை. சிலது அருமையாகப் பொருந்தும், சிலது அரம் போட்டுத் தேய்த்தால்தான் உட்காரும். 2022ல் யெஸ்டி என்ற பெயர் மறுபடி கடைக்கு வந்ததே, அதிலிருந்து பாகம் எடுக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. புதிது நீரால் குளிர்கிற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். பழைய ரோடுகிங்குக்கும் அதற்கும் பெயர் மட்டுமே உறவு.

இனி மலை. மதுரைக்காரனுக்குப் பயணம் என்றால் முக்கால்வாசி மலைதான். திண்டுக்கல் வழியாகப் போனால் சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு, போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17. ஏற்றத்தில் இரண்டு வண்டியும் தங்கம். புல்லட் இரண்டாம் கியரில் அவசரமில்லாமல் ஏறும். யெஸ்டி கொஞ்சம் முறுக்கினால் உற்சாகமாக ஏறும். இறக்கத்தில்தான் பிரிகிறார்கள். புல்லட்டில் ஆக்சிலேட்டரை மூடினாலே அந்த நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பின்னால் ஆள் இருந்தாலும் டிரம் பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிமானம் குறைவு, பிரேக்கே முழு வேலையும் செய்ய வேண்டும். இன்னொன்று, பெட்ரோலில் கலந்துதான் அதற்கு எண்ணெயே போகிறது. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் கியரிலேயே இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், போதிய எண்ணெய் போகாது. நடுநடுவே கொஞ்சம் முறுக்கிவிட வேண்டும், அல்லது கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும். பூப்பாறை பக்கம் சுற்றிவிட்டு மாலையில் களைத்துப்போய் இறங்குகிற எனக்கு, கவனிக்க வேண்டியது ஒன்று குறைந்தால் நிம்மதி.

ஒரு விஷயத்தில் யெஸ்டி முழுதாக ஜெயிக்கிறது. அது முழங்கால். புல்லட் எடை 160 கிலோவைத் தாண்டும், ரோடுகிங் ஏறத்தாழ 20 கிலோ குறைவு. கிக்கரும் இலகு. அந்தக் கிக்கரே கியர் லிவராகவும் மாறுகிறது, கியரை அமுக்கும்போதே கிளட்ச்சும் விலகுகிறது. அந்தக் காலத்துக்கு எவ்வளவு நல்ல மூளை வேலை! புல்லட்டுக்கு பலம் தேவையில்லை, பொறுமை தேவை. சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிற இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரசரை (எஞ்சினுக்குள் இருக்கிற அழுத்தத்தை வெளியே விடுகிற லிவர்) பிடித்து ஒரு விரற்கடை தாண்டவிட்டு, பிறகு உடம்பு எடையைப் போட்டு ஒரே மிதி. தீப்பொறி விழுகிற நேரம், அதாவது டைமிங், சரியாக இருந்தால் போதும். டைமிங் முந்திக் கிடந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்காலுக்குக் கேடு. அதனால் தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, டைமிங்கையும் பார்த்துவிட்டுத்தான் வெளியூர் கிளம்புவேன். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர்கள், வலது காலில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியை வைத்தே யெஸ்டி பக்கம் போய்விடலாம், நான் தடுக்க மாட்டேன்.

புல்லட்டின் தொல்லைகளையும் மறைக்கவில்லை. எண்ணெய் சொட்டும், வீட்டுத் திண்ணையில் அட்டை விரித்தே நிறுத்துகிறேன். வாரக்கணக்கில் நின்றால் எண்ணெய், பம்ப் வழியாகக் கீழே இறங்கி, கிளப்பும்போது புகையும். அதிர்வில் நட்டுகள் தளரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய இடம் தெரியும்.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் வின்டேஜ் பதிவு என்று தனி விதி வந்தது. பெருமையான எண் பலகை கிடைக்கும், ஆனால் அந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. பயணத்துக்கு எடுக்கிறவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம். பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்சி காட்டிப் புதுப்பிக்கிற சாதாரண ஆர்சியே நமக்கு. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சியோடு பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

இப்போது பங்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் இரண்டுக்கும் பகைதான். ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். இரண்டு வண்டியிலும் பெட்ரோல் டியூபையும் கார்ப்பரேட்டர் ரப்பர்களையும் மாற்றிவிட்டோம். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கைக் காலி செய்கிறோம். எண்ணெய் கலந்த பெட்ரோலைத் தேக்கி வைப்பது யெஸ்டிக்கு இன்னும் மோசம் என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல எனக்கு இன்னும் சில மழைக்காலம் வேண்டும். அதே மாதிரி, 350 சிசி ராஜ்தூத்தைப் பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததற்கு மேல் பழக்கம் இல்லை. கடைசிக் காலத்து எலக்ட்ரிக் ஸ்டார்ட் புல்லட்டுகளையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகும் ரோடுகிங்தான் வேண்டும் என்கிறவர்கள் வாங்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். வண்டியை நன்றாகச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, தானாக எகிறுகிறதா, வெள்ளைப் புகை அடங்காமல் வருகிறதா என்று பாருங்கள். சீல் நிலைமை அதில் தெரிந்துவிடும். பிறகு நான்கு கியரிலும் ஓட்டி, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது எந்தக் கியராவது வெளியே துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் கூட்டைப் பிளக்க வேண்டிய வண்டி அது. அந்த வேலைக்கான கூலியையும் பாகத்தையும் பேசுகிற விலையில் கழித்துக்கொண்டு கேளுங்கள்.